முதுகில் இருக்கும் காது

வணக்கம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு முதுகில் ஒரு காது உண்டு. வண்டிகள் ஓடும் சாலையில் அந்தக் காது ஓயாமல் விழித்திருக்கும். பின்னால் வருவது லாரியா, காரா, எவ்வளவு நெருங்கிவிட்டது, ஒதுங்க இடம் உண்டா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். கண்ணெதிரே மலையும் ஆறும் இருந்தாலும் மனம் முதுகிலேயே கிடக்கும். மோட்டார் வண்டிகள் நுழையாத ஒரு சரளைப் பாதையில் முதன்முதலாகப் போனபோது, அந்தக் காது அடங்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அடங்கிய பிறகுதான் மற்ற ஓசைகள் ஒவ்வொன்றாக வந்தன. டயருக்கு அடியில் கல் நெரியும் ஓசை. பாறையில் மோதி ஓடும் ஆறு. எங்கோ ஒரு மரங்கொத்தி.

அந்தப் பாதையின் பெயர் கிரேட் அலகேனி பாசேஜ். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து கம்பர்லாந்து வரை, அலகேனி மலைகளுக்கு ஊடே 240 கிலோமீட்டர் செல்கிறது. மொனொங்கஹீலா, யாக்கிகேனி, காசல்மேன் என்று ஆறுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மலை ஏறும் பாதை அது. மலை ஏறும் என்று சொன்னதும் பயந்துவிட வேண்டாம். பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தில் மொத்த ஏற்றமே 510 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் மிதித்தால் சராசரியாக இரண்டரை மீட்டர் உயர்ந்திருப்பீர்கள்.

இவ்வளவு சாய்வு குறைந்த வழி மலைக்குள் எப்படி அமைந்தது? எல்லாம் ரயிலின் உபயம். கைவிடப்பட்ட ரயில் தடத்தின்மேல் அமைந்த பாதை இது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. ஏற்றம் கொஞ்சம் கூடினாலும் பாரம் இழுக்கும் எஞ்சின் திணறிவிடும். ஆகவே மலைநாட்டில் ரயில்பாதை போட்ட பொறியாளர்கள் ஆற்றைத்தான் வழிகாட்டியாகக் கொண்டார்கள். நீர் பல்லாயிரம் ஆண்டுகளாக அறுத்து வைத்த பள்ளத்தாக்கில் அதன் கரையோடு கரையாகப் போனார்கள். ஆறு வளைந்து சுற்றும் இடத்தில் பாலம் கட்டினார்கள். மலை குறுக்கே நின்ற இடத்தில் குடைந்தார்கள். இந்த மலைப்பகுதியில் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912இல் திறந்த தடம் அப்படிப்பட்டது. ஆனால் ஆற்றின் எதிர்க்கரையில் வேறொரு நிறுவனத்தின் ரயில்பாதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிறுவனங்களும் ஒரே கைக்கு வந்த பிறகு, ஒரு பள்ளத்தாக்குக்கு இரண்டு ரயில்பாதைகள் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1975இல் இந்தத் தடம் கைவிடப்பட்டது. எதிர்க்கரையில் சரக்கு ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. யாக்கிகேனி கரையில் போகும்போது, மரங்களுக்கு அப்பால் நீண்ட சரக்கு ரயில் ஒன்று கடந்து போகும் ஓசை கேட்டால், பாதையின் பழைய கதை காதில் விழுகிறது என்றே எனக்குத் தோன்றும்.

தண்டவாளத்தை எடுத்துவிட்டால் தானாகப் பாதை ஆகிவிடாது. ரயில்பாதையில் கொட்டிய பெரிய ஜல்லியில் சைக்கிள் ஓட்டினால் பற்கள் உதிர்ந்துவிடும். அதை ஒழுங்குபடுத்தி, மேலே நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி, உருளை ஓட்டி இறுக்கினார்கள். அந்தத் துகள் நனைந்து காய்ந்து ஒன்றோடொன்று கெட்டிப்படும். 1986இல் ஓஹையோபைல் பகுதியில் ஒரு சிறு துண்டு முதலில் திறக்கப்பட்டது. பிட்ஸ்பர்க்கின் ஆற்றுமுனை வரை முழுப் பாதையும் இணைந்தது 2013இல். 27 ஆண்டுகள், துண்டு துண்டாகச் சேர்த்த பாதை.

இத்தகைய பாதைக்கு உரிய சைக்கிளைப் பற்றிக் கேட்பார்கள். நீண்ட தூரம் போக ஏற்ற வளைந்த கைப்பிடி, நல்ல டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்குத் தாழ்ந்த கியர் இருந்தால் நல்லது. எல்லாவற்றையும்விட டயர்தான் முக்கியம். தார்ச்சாலைப் பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலம் இருக்கும்; சரளைக்கு 40 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் கல்போல அடைத்துவிடாதீர்கள். சற்றுக் குறைவாக இருந்தால் டயர் கல்லின்மேல் அமுங்கித் தாண்டும். இறுக அடைத்தால் ஒவ்வொரு கல்லும் உங்களைத் தூக்கிப்போடும். மணிக்கட்டு அதை மாலையில் சொல்லும். தளர்ந்த சரளையில் வளைவு வந்தால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சாய்வு குறைவு என்பதால் களைப்பும் குறைவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மலைச்சாலையில் ஏறினால் பிறகு இறக்கம் வரும், காலுக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே நாள் முழுவதும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்குப் பாதை மட்டமாகத் தெரியும், ஆனால் தொடை ஏதோ கனக்கிறது என்று முறையிடும். அப்போது ஆற்றைப் பாருங்கள். நீர் உங்களுக்கு எதிரே வந்தால் நீங்கள் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். கருவி எதுவும் வேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் குளிரையும் எதிர்பார்த்துப் போங்கள். இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து அடியில் தேங்கும். மேலே மலைமுகடு வெயிலில் மின்னும்போது கீழே பனிமூட்டத்தில் கைவிரல் விறைத்திருக்கும்.

729 மீட்டர் உயரத்தில் நீர் பிரியும் முகடு வருகிறது. அதற்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை ஒஹாயோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. அந்தப் பக்கம் பெய்வது பொடோமாக் ஆற்றின் வழியாகக் கிழக்கே அட்லாண்டிக் கடலைச் சேர்கிறது. அங்கே நான் வெகுநேரம் நின்றேன். மூன்று நாளாக எனக்கு எதிரே வந்த நீர், இனி என்னோடு வரப்போகிறது என்ற நினைப்பே பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. சிறிது தூரத்தில் பிக் சாவேஜ் சுரங்கம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே கசியும் நீர் உறைந்து சுவரைப் பிளந்துவிடாதபடி குளிர்காலத்தில் இதன் கதவுகளை மூடிவிடுகிறார்கள். டிசம்பர் பாதிக்குப் பிறகு போக நினைப்பவர்கள் இதை விசாரிக்காமல் புறப்படக் கூடாது. சுரங்கத்தைத் தாண்டினால் மலை திடீரென்று விலகுகிறது, அடுக்கடுக்காக முகடுகள் விரிகின்றன. அங்கிருந்து கம்பர்லாந்து வரை காலுக்கு ஓய்வுதான்.

கம்பர்லாந்தில் சரளை முடிந்து ஒரு பழைய கால்வாயின் கரைப்பாதை தொடங்குகிறது. கோவேறு கழுதைகள் படகுகளை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. பொடோமாக் ஆற்றை ஒட்டி வாஷிங்டன் வரை 184.5 மைல். 1924 வெள்ளத்துக்குப் பிறகு கால்வாயில் படகு ஓடவில்லை. பிற்பாடு அந்தத் தடத்தில் மோட்டார் சாலை போடும் திட்டம் வந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார்: தலையங்கம் எழுதியவர் என்னோடு வந்து இந்தப் பாதையை நடந்து பார்க்கட்டும் என்று. பத்திரிகையினர் வந்தார்கள். மார்ச் மாதக் குளிரில் கம்பர்லாந்திலிருந்து பலர் நடந்தார்கள்; முழுத் தூரத்தையும் முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து 9 பேர். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலை வரவில்லை. 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அந்தப் பாதையில் போனேன். சரளைப் பாதையைப் போல அது சீராக இல்லை. வேர்கள் குறுக்கே ஓடுகின்றன. மழை பெய்தால் சேறு. பா பா என்ற சுரங்கத்தில் விளக்கே கிடையாது. இறங்கி, கைவிளக்கோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை, கால்வாயில் நீர் தேங்கிய ஓர் இடத்தில் விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. என் டயர் ஓசை கேட்டதும் ஒவ்வொன்றாக நீருக்குள் சரிந்தன. நான் இறங்கி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு சிறிய தலை நீருக்கு மேலே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்ல மரத்தில் ஏறியது.