சிகோர்னி வீவர்: இல்லாததை நம்பவைக்கும் உடல்

நேயர்களுக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதைப் படத்தில் நடிப்பவருக்கு எதிரே பெரும்பாலும் நம்பும்படியாக எதுவும் இருக்காது. ரப்பர் உடை மாட்டிய ஒருவர் நிற்பார், இல்லையென்றால் வெறும் பச்சைத் துணி. அதைப் பார்த்து மிரள வேண்டும், அதனிடம் பேச வேண்டும். இதற்கான பயிற்சியை நாடக மேடை எவ்வளவு தருகிறது என்பதற்கு அமெரிக்க நடிகை சிகோர்னி வீவரின் ஐம்பது ஆண்டு நடிப்பே சான்று.

1949இல் நியூயார்க்கில் பிறந்தவர். உயரம் ஏறக்குறைய ஆறடி. யேல் நாடகப் பள்ளியில் 1974இல் பட்டம் பெற்றார். அங்கே ஆசிரியர்கள் அவரைப் பெரிதாக ஊக்குவிக்கவில்லை. உடன் படித்த கிறிஸ்டோபர் டுராங் எழுதிய கோமாளித்தனமான நாடகங்கள்தான் அவருக்கு இடம் கொடுத்தன. நடக்கவே முடியாத சூழ்நிலையில் முழு நம்பிக்கையோடு நிற்பது அந்த நாடகங்களின் அடிப்படைத் தேவை.

1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் திரைக்கதையில் பாத்திரங்களுக்குக் குடும்பப் பெயர் மட்டும்தான். யாரை வேண்டுமானாலும் ஆணாகவோ பெண்ணாகவோ வைத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் இருந்தது. ரிப்ளியாக வந்த வீவர் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். நோய்த்தொற்று விதியைச் சொல்லி, வெளியே நிற்கும் சக ஊழியர்களுக்குக் விண்கலத்தின் கதவைத் திறக்க மறுக்கும் காட்சியைப் பாருங்கள். அங்கே நிற்பது பொறுப்பில் உள்ள ஓர் அதிகாரி, அவ்வளவுதான்.

1984இல் நடித்த 'ஹர்லிபர்லி' நாடகத்துக்காக, அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுக்குப் பரிந்துரை. அடுத்து, 1986இல் 'ஏலியன்' படத்தின் இரண்டாம் பாகமான 'ஏலியன்ஸ்'. அதில் அவர் மாட்டிக்கொண்டு சண்டையிடும் பாரம் தூக்கும் இயந்திரம் தானாக இயங்கியதல்ல. அவர் முதுகுக்குப் பின்னால் பலசாலி ஒருவர் ஒளிந்துகொண்டு கை கால்களை நகர்த்தினார். மொத்த எடையையும் வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தார்கள். இதில் இருவருடைய அசைவும் அரை நொடி விலகினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். இரும்பின் கனத்தைத் தோளிலும் இடுப்பிலும் காட்ட வேண்டியது நடிகையின் வேலை. அந்தப் படத்துக்கு ஆஸ்கரில் சிறந்த நடிகைக்கான பரிந்துரை கிடைத்தது. அறிவியல் புனைகதைக்கு அது அபூர்வம்.

1997இல் வந்த 'ஏலியன்' வரிசையின் நான்காம் பாகத்தில், திரும்பிப் பார்க்காமல் தலைக்கு மேலாகக் கூடைப்பந்தை எறிந்து வளையத்தில் போடுவார். அது நிஜமாகவே விழுந்தது. பந்து ஒரு கணம் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவதால் பலர் தந்திரக் காட்சி என்றே நினைத்துவிட்டார்கள். பாவம், அத்தனை பயிற்சியும் அந்த ஒரு கணத்தில் மறைந்துபோனது.

ஆனால், அவருடைய மிகக் கடினமான வேலை 2022இல் வெளியான இரண்டாவது 'அவதார்' என்பேன். எழுபதை நெருங்கும் வயதில் கிரி என்ற பதினான்கு வயதுப் பெண்ணாக நடித்தார். நடிப்பைக் கணினி பதிந்து அந்தப் பாத்திரமாக மாற்றுவதற்காக, உடலோடு ஒட்டிய உடையில் அடையாளக் குறிகள், முகமெல்லாம் புள்ளிகள், தலையில் மாட்டிய சிறு கேமரா. இவற்றோடு சுமார் 34 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் மூழ்கி நடிக்க வேண்டும். சுவாசக் கருவிக்கு அனுமதி இல்லை. அதிலிருந்து கிளம்பும் குமிழ்களைக் கணினி உடைக் குறிகளோடு குழப்பிக்கொள்ளும். மேலிருந்து விளக்கொளி பளபளத்துக் கெடுக்காமலிருக்க, நீர்ப்பரப்பு முழுக்கச் சிறு வெள்ளைப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். மூச்சை அடக்கும் பயிற்சியில் வீவர் ஆறு நிமிடத்தைத் தாண்டினார். மூச்சை அடக்கினால் மட்டும் போதாது. மூச்சு முட்டும்போது கண் சுருங்கும், கன்னம் உப்பும், தோள் இறுகும். கேமரா அதையெல்லாம் அப்படியே பதிந்துவிடும். நீருக்கடியில் பிறந்து வளர்ந்தவள்போல முகத்தைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும்.

2024 டிசம்பரில், எழுபத்தைந்து வயதில், லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் மந்திரவாதி ப்ராஸ்பெரோவாக வந்தார். விமர்சகர்கள் பலருக்குத் திருப்தியில்லை. செய்யுள் வசனத்தில் வரியின் முடிவுவரை மூச்சு குறையக் கூடாது. கடைசிச் சொல் தேய்ந்தால் பொருளே போய்விடும். தாழ்ந்த குரலில் பேசி, மிச்சத்தைக் கேமராவிடம் விட்டுப் பழகியவருக்கு அது எளிதல்ல என்று நினைக்கிறேன். ஆனாலும், ஆணுக்கு எழுதிய வேடத்தை ஏற்கத் தயங்காத அந்தத் துணிவு, 1979இல் குடும்பப் பெயர் மட்டுமே இருந்த ரிப்ளியிடம் பார்த்த அதே துணிவுதான்.