போன நேரமும் வந்த நேரமும்

நேயர்களுக்கு வணக்கம். தொலைபேசியில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவர் சொல்வது மட்டும் உங்களுக்குத் துண்டு துண்டாக வருகிறது. வேகமான இணைய இணைப்புதானே வாங்கியிருக்கிறோம், அப்புறம் ஏன் இப்படி என்று தோன்றும். இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. தகவலை வழிகாட்டி அனுப்பும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொரு ரவுட்டருக்குத் தகவல் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். இணைய விளம்பரங்களில் எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று வரும் எண், சாலை எவ்வளவு அகலம் என்று சொல்வது மாதிரி. போகவேண்டிய இடம் எவ்வளவு தொலைவு என்று அது சொல்லாது. தகவலைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லி விநாடி, அதாவது விநாடியை ஆயிரமாகப் பிரித்து அதில் 5 பங்கு. சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்த 5 குறையாது. அதற்கு மேல் ஆகும் நேரம் பெரும்பாலும் வழியில் ரவுட்டர்களில் வரிசையில் நின்ற நேரம்தான்.

இதை எப்படி அளக்கிறோம்? கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலிக்குக் காத்திருக்கிறோம் அல்லவா, அதே வழிதான். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் பிங் என்ற சின்ன நிரலை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவி எழுப்பும் ஒலியின் பெயர் அது. ஒரு பாக்கெட்டை, அதாவது தகவலின் ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பு, பதில் வரும்வரை நேரத்தை எண்ணு, அவ்வளவுதான். இன்றும் எங்கள் துறையில் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். நானும் அப்படித்தான்.

ஆனால் பிங் தருவது போய்வந்த நேரம். போன நேரம் தனி, வந்த நேரம் தனி என்று அது பிரித்துச் சொல்லாது. நாம்தான் அதைப் பாதியாக வகுத்துக்கொள்கிறோம். அப்படி வகுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்குப் புதிதாக வந்த காலம். இரண்டு அலுவலகங்களுக்கு இடையே பேச்சு இணைப்பு. அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கு உடைந்து உடைந்து வந்தது. எங்கள் குரல் அவர்களுக்கு நன்றாகவே கேட்டது. பிங் போட்டுப் பார்த்தேன். சில சமயம் 40 மில்லி விநாடி, சில சமயம் 100. அதைப் பாதியாக்கி, போக 50, வர 50 என்று எழுதிவைத்தேன். கேட்பதில் குறை என்றால் கருவி பழுது என்று முடிவுகட்டினேன். தொலைபேசியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ரவுட்டரின் கார்டையே மாற்றினோம். மூன்று வாரம் போனது. குரல் மட்டும் சரியாகவில்லை.

அப்போது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, போற வழியும் வர்ற வழியும் ஒண்ணுதான்னு யார் சொன்னது?" என்று கேட்டார். டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தேன் என்றேன். "அது காட்டுறது போற வழியைத்தானே?" என்றார். உண்மைதான். நாம் அனுப்பும் பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்றுதான் அது காட்டும். பதில் எந்த வழியாகத் திரும்புகிறது என்பது அதில் தெரியாது.

சரி, போன நேரத்தைத் தனியாக அளப்போம் என்றால் ஒரு சிக்கல். ஒரு கடிதத்தில் அனுப்பிய நேரத்தை எழுதி அனுப்புகிறீர்கள், வாங்குபவர் தன் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்துக்கொள்கிறார். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போனால்தானே அந்தக் கணக்கு சரி? கணினிக் கடிகாரங்களை நெட்வொர்க் வழியாகவே ஒத்துவைக்க டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்டிபி என்ற முறை 1985 முதல் இருக்கிறது. அருமையான வேலை அது. ஆனால் அந்த முறையும் போய்வந்த நேரத்தைப் பாதியாக்கித்தான் கடிகாரத்தைத் திருத்துகிறது! போக 20, வர 80 ஆகும் பாதையில் அப்படித் திருத்தினால் கடிகாரம் 30 மில்லி விநாடி தவறிப்போகும். அந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தால் போகவும் 50, வரவும் 50 என்றே காட்டும். தேடும் குறையை அளவுகோலே மறைத்துவிடும்.

அதனால் இரு முனையிலும் ஜிபிஎஸ் கடிகாரம் வைத்தோம். செயற்கைக்கோளிலிருந்து நேரம் வருவதால் அந்தப் பாதையை நம்பவேண்டியதில்லை. போகும் திசையில் 20, அசையவே இல்லை. வரும் திசையில் 20-க்கும் 80-க்கும் இடையே தாவிக்கொண்டிருந்தது. திரும்பும் பாக்கெட்டுகள் வேறொரு வழியில், நெரிசலான ஓர் இணைப்பைக் கடந்து வந்தன. இந்தத் தாவலுக்கு ஜிட்டர் என்று பெயர். நேரம் தவறி வரும் குரல் துண்டுகளைத் தொலைபேசி தூக்கிப்போட்டுவிடும், குரல் உடையும். எங்கள் பக்கத்துக் கருவி எதிலும் பழுதே இல்லை. பாதை மாற்றப்பட்ட அன்றே பேச்சு தெளிந்தது.

இன்னொன்று. டிரேஸ்ரூட்டில் நடுவில் ஒரு ரவுட்டருக்கு நேராகப் பெரிய எண் தெரிந்தால் உடனே அதைக் குற்றம் சொல்லாதீர்கள். பாக்கெட்டைக் கடத்திவிடுவது ரவுட்டரின் முதல் வேலை. நம் கேள்விக்குப் பதில் சொல்வதை அது நேரம் கிடைக்கும்போது செய்யும். அதற்கு அடுத்த ரவுட்டர்களின் எண் சிறியதாக இருந்தால் பாதை நன்றாகத்தான் இருக்கிறது. இதைச் சமாளிக்கத்தான் 2008-இல் டிவாம்ப் என்ற தரமுறை வந்தது. பதில் தரும் ரவுட்டர் பாக்கெட் வந்த நேரம், திருப்பி அனுப்பிய நேரம் இரண்டையும் குறித்து அனுப்பும். நடுவே அது எடுத்துக்கொண்ட நேரத்தை நாம் கழித்துவிடலாம்.

சராசரி ஏன் ஏமாற்றும் என்றும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒலிப்பதிவு அறையில் இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். அதனால் வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்றை மட்டும் சொல்கிறேன். கணினியில் பிங்கை ஓடவிட்டு, அதே நேரத்தில் பெரிய காணொளி ஒன்றை அனுப்பத் தொடங்குங்கள். 20-இல் இருந்த எண் சில நூறுக்கு ஏறினால், உங்கள் பாக்கெட்டுகள் வீட்டு ரவுட்டரின் நீண்ட வரிசையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் திரையில் வரும் சராசரியை விட்டுவிட்டு, அதிகபட்சம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சேவை மையத்தை அழைக்கும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள். வணக்கம்.