தப்பு யாருக்குக் கேட்கிறது?

இலங்கை மலையகத்து ஹட்டனில் நின்றுகொண்டு, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் நம்ம காமன் கூத்தைத் தொடாமல், காது கேளாதவர்களுக்கான நாடகம் பேசினால் நம்ம ஆட்கள் விடமாட்டார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அத்தை. பிறவியிலேயே காது கேட்காது. மாசியில் கூத்து நடக்கும் இரவுகளில், தப்பு என்ற பறையை அடிக்கும் தப்புக்காரருக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவார். "கேட்காதவளுக்கு அங்க என்ன வேலை?" என்று பெண்கள் சிரிப்பார்கள். ஒருநாள் என் கையைப் பிடித்து, உட்கார்ந்திருந்த பலகையில் வைத்து அழுத்தினார். ஒவ்வோர் அடியும் பலகைக்குள் ஓடியது. ரதி வரும் அடி வேறு, சிவன் நெற்றிக்கண் திறக்கும் அடி வேறு. அத்தைக்கு அத்தனையும் அத்துப்படி. ரதி என்ன சொல்லி அழுகிறாள் என்பதுதான் தெரியாது. அது பாட்டில் இருந்தது.

இந்தக் குறைக்கு, மேடை ஓரத்தில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால் போதும் என்கிறார்கள். அப்படி ஒரு நாடகம் பார்த்தேன். சோகக் காட்சி வந்ததும் விளக்கை அணைத்தார்கள். பாட்டு உருக்கமாகத்தான் இருந்தது. முன்வரிசையில் காது கேளாத பிள்ளைகள் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் போனால் அவர்களுக்கு வசனமும் போய்விடும். அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் என்ற காது கேளாதோர் நாடகக் குழு வேறு வழி பிடித்தது. 2015இல் பிராட்வேயில் அவர்கள் போட்ட இசைநாடகத்தில் சில பாத்திரங்களுக்கு இரண்டு பேர். ஒருவர் சைகையில் நடிப்பார், அதே பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று இன்னொருவர் பாடுவார். பாட்டு எப்போது எடுக்கிறது என்பதைத் தொட்டும் ஒளி காட்டியும் சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு இது புதுமையாகவே படவில்லை. எங்கள் தோட்டத்தில் கூத்து வாத்தியார் பாடுவார், வேஷக்காரர் ஆடுவார். குரல் ஓரிடம், உடல் ஓரிடம். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது!

மீதிப் பாதிதான் கஷ்டம். சைகை மொழி கையால் பேசும் தமிழ் அல்ல, அதற்கென்று இலக்கணம் உண்டு. பாட்டைச் சொல்லுக்குச் சொல் கையில் மாற்றினால் விடுகதை மாதிரி ஆகிவிடும். காது கேளாதவர்கள் ஒத்திகையின் முதல் நாளே வந்து உட்கார வேண்டும், கடைசி வாரத்தில் அழைத்துப் பயனில்லை.

போன மாதம் காமன் கூத்தை இப்படி ஒத்திகை பார்த்தோம். ரதி வேஷம் ஒரு காது கேளாத தம்பிக்கு. கொழும்பில் கடையில் நிற்கிறவர், லீவு போட்டு வந்திருந்தார். வாத்தியார் ஒப்பாரியை முடித்துவிட்டார். தம்பியின் கைகள் இன்னும் இறங்கவில்லை. எரிந்த மன்மதனின் சாம்பலை விரல்களால் அள்ளிக்கொண்டே இருந்தார். தப்புக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, முதல் அடியைத் திரும்ப எடுத்தார்.