தேக்கைச் சொல்லித் தொடங்கிய போர்

(காட்சி: செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. முகப்பைத் தாண்டி வளவு எனும் உள்முற்றம். கேமரா ஒரு தூணின் அருகே நிற்கிறது.)

கையை வைத்துப் பாருங்கள், வெயில் காலத்திலும் குளிர்ந்திருக்கும். ஒரே மரத்தில் இழைத்த பர்மாத் தேக்கு, ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் தூணைத் தட்டி வியந்துவிட்டுப் போகிறார்கள். இந்தத் தேக்கின் பெயரைச் சொல்லி ஒரு நாட்டின் மீது படையெடுத்தார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

(காட்சி: ஐராவதி ஆற்றின் வரைபடம்)

1885. மேல் பர்மாவைத் தீபோ மன்னர் ஆண்டுவந்தார். பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் வெட்டிய மரத்துக்கு முறையாகப் பணம் கட்டவில்லை என்று அவருடைய அரசவை பெருந்தொகை அபராதம் விதித்தது. பிரான்சு அங்கே கால் ஊன்றிவிடுமோ என்று ஏற்கெனவே பதறிக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு அந்தச் சாக்குப் போதுமானதாக இருந்தது. நவம்பர் நடுவில் படை ஆற்றுவழியே ஏறியது. இரண்டே வாரத்தில் தலைநகர் மாண்டலே வீழ்ந்தது. மன்னரை ரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். 1886 ஜனவரி 1 அன்று நாட்டையே இணைத்துக்கொண்டார்கள்.

உண்மையான போர் அதற்குப் பிறகுதான் வந்தது. மன்னரோடு சேர்த்து அரசவையையும் ஒழித்துவிட்டார்கள். அவருடைய வீரர்களில் பலர் ஆயுதங்களோடு காட்டுக்குள் போய்விட்டார்கள். வரி வாங்கவும் வழக்குத் தீர்க்கவும் கொள்ளையைத் தடுக்கவும் இருந்த ஏற்பாடு குலைந்துபோனது. மாண்டலேயைப் பிடிக்கச் சென்றவர்கள் சுமார் 10,000 பேர். பிடித்ததைக் காக்க 1887இல் 30,000 பேருக்கு மேல் வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

ஒரு கிராமத் தலைவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பகலில் படைக்கு வழி காட்டினால் இரவில் கிளர்ச்சிக்காரர்கள் வருவார்கள். வழி காட்ட மறுத்தால் ஊரைப் படை எரிக்கும். படை அங்கேயே தங்கினால் அந்நியன் மீதான வெறுப்பு வளரும். கிளம்பினால் அதை நம்பியவர்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. கிளர்ச்சிக்காரர்களின் உறவினர்களைக்கூட வேற்றூருக்குப் பெயர்த்தார்கள். கிளர்ச்சி அடங்க ஐந்து ஆண்டுகள் ஆயின.

(காட்சி: வளவின் மூலையில் ஒரு பெட்டகம்)

அந்த ஆங்கிலேய ஆட்சியின் நிழலில்தான் நம் ஊர் நகரத்தார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்ய, போனார்கள். கடையின் எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, உதவியாளரான அடுத்தாளாகி, கடைப் பொறுப்பாளரான மேலாளாகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பினார்கள். கீழ்ப் பர்மாவின் நெல் வயல்கள் பெருகியதில் செட்டிநாட்டுக் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930இல் நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை. அடமான நிலங்கள் கைமாறின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் வசம் வந்திருந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு எரிந்த வயிற்றை நான் குறை சொல்ல மாட்டேன். தன் நாட்டில் நுழைந்த படையையும் வட்டிக்கடையையும் அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். காக்க வந்ததாகச் சொன்ன ஆங்கிலேயப் படை பின்வாங்கியது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான், அசாம் மலைவழிகளில் நடந்தே கிளம்பினார்கள். பலர் வழியிலேயே மடிந்தார்கள்.

2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மர் மறுபடி எரிகிறது. நமக்கும் அவர்களுக்கும் 1,643 கிலோமீட்டர் எல்லை. 'யாராவது படை அனுப்பி இதை நிறுத்தக் கூடாதா' என்று கேட்கிறார்கள். மிசோரமுக்குள் ஓடிவரும் குழந்தைகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் படை போன மறுநாள் காலையில் அந்தக் கிராமத்தில் வழக்கைத் தீர்ப்பது யார், வழி காட்டியவரைக் காப்பது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

(காட்சி: பெட்டகம் திறக்கிறது. மடிப்பில் கிழிந்த ஒரு பத்திரம்.)

இது டெல்டா வயல் ஒன்றின் அடமானப் பத்திரம். மேலே பர்மிய எழுத்து, கீழே தமிழ்க் கையொப்பம். பக்கத்தில் மையில் தோய்த்த ஒரு கட்டைவிரல் ரேகை. அந்த உழவரின் பெயரை இந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.