சாப்ளினின் அம்மா கேட்ட டீ

(சேலத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

இந்த மாதம் நாம் எடுத்துக்கொண்டது சார்லி சாப்ளினின் சுயசரிதை. 1964இல் வெளிவந்தபோது அவருக்கு 75 வயது. உலகமே அறிந்த முகம். ஆனால் முதல் அத்தியாயங்களில் பசியைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. அப்பா குடியில் அழிந்து 1901இல் போய்ச் சேர்கிறார். மேடைப் பாடகியான அம்மா ஹன்னாவுக்குக் குரல் கெட்டுவிடுகிறது. தையல் மெஷினை நம்பிக் குடும்பம் ஓடுகிறது. தவணை கட்டாததால் அதையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அம்மா, அண்ணன் சிட்னி, சார்லி மூவரும் லண்டன் லேம்பெத்தில் இருந்த ஏழையர் விடுதிக்குப் போகிறார்கள். உள்ளே போனதும் அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம்.

அங்கிருந்து ஒரு நாள் மூவரும் வெளியே வருகிறார்கள். சிட்னி கையில் ஒன்பது பென்னி. அரை பவுண்டு செர்ரிப் பழம் வாங்கி, கென்னிங்டன் பூங்காவில் உட்கார்ந்து தின்கிறார்கள். செய்தித்தாளைக் கசக்கிக் கயிறு சுற்றிப் பந்தாக்கி, மூவரும் எறிந்து பிடித்து விளையாடுகிறார்கள். மீதிக் காசில் ஒரு பன், ஒரு கருவாடு, இரண்டு கோப்பை டீ; பங்குபோட்டுச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி விடுதிக்கே வந்து நிற்கிறார்கள். அதிகாரிகளுக்குக் கோபம்: துணிகளை எல்லாம் மறுபடி ஆவியில் வைக்க வேண்டுமே! அந்தப் பந்தை ஒருவர் எழுபது வயதுக்கு மேல் ஞாபகம் வைத்து எழுதுகிறார் என்றால், எழுதும் கை நடிகனுடையது இல்லை, அந்தப் பையனுடையது.

நமக்கு இந்தக் கதைகள் புதிதில்லை. சின்ன வயதிலேயே தந்தையை இழந்து, படிப்பை விட்டு, நாடகக் கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி.ஆர்., 1956இல் நம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வண்ணப் படத்தில் கதாநாயகன். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் யாராவது பிள்ளைகளிடம் சொல்வார்கள்: “பார், கஷ்டப்பட்டாத்தான் மேல வர முடியும்.”

இந்தப் பேச்சை நான் மனதார மறுக்கிறேன். முடிவு தெரிந்த தைரியத்தில் பேசுகிற பேச்சு அது. கடைசியில் ஜெயித்துவிடுவான் என்று தெரிவதால், பசி வருகிற பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பையனுக்கு முடிவு தெரியாது. அதே விடுதியில் இருந்த மற்ற பிள்ளைகளின் கதையை யாரும் அச்சடிக்கவும் இல்லை.

அம்மாவுக்குப் புத்தி பேதலித்தபோது சிட்னி கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். சார்லிதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனான். பிற்பாடு பார்க்கப் போனபோது அவர் சொன்னது, அன்றைக்கு மத்தியானம் கொஞ்சம் டீ கொடுத்திருந்தால் எனக்குச் சரியாகியிருக்கும் என்று. சாப்பாடில்லாமல்தான் மூளை பாதித்தது என்று டாக்டரும் சொல்கிறார். அம்மாவின் அந்த வார்த்தை பல நாள் விடாமல் துரத்தியதாம் சார்லியை. ஒரு வீட்டின் வறுமையைத் தன் குற்றமாக எடுத்துக்கொள்கிறது அந்த மனசு. நான் புத்தகத்தை மூடிவைத்த இடம் இது.

நம் சேலத்து நெசவுப் பகுதிகளான அம்மாபேட்டையிலும் குகையிலும் பள்ளி விட்டு வந்ததும் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கூலி குறைந்த வாரம், நாம் இன்னும் நாலு தார் கூடுதலாகச் சுற்றியிருக்கலாமோ என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கூலியை நிர்ணயித்தது நீங்கள் இல்லை. வீட்டில் கஷ்டம் என்று வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறந்தால், சாப்ளினை உதாரணம் காட்டாதீர்கள், ஆசிரியர்களே. காலையில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

சாப்ளின் 1921இல் அம்மாவை கலிபோர்னியாவுக்கு வரவழைத்தார். 1928இல் இறக்கும்வரை அம்மா அங்கேதான் இருந்தார். சார்லியின் சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் போலவே நடித்துக் காட்டி, மனிதர்களைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். சிட்னியோ, 1908இல் தம்பியை கார்னோ நாடகக் கம்பெனிக்குள் கொண்டுபோனவர். பிறகு அவருடைய சம்பள ஒப்பந்தங்களைப் பேசி முடித்தவர். புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இருவரும் வரும் பக்கங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை வாய்விட்டுப் படிப்போம்.