மாக்கியவெல்லி விட்டுச்சென்றது தந்திரமா, கட்டுக்கோப்பா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் பிளாரன்ஸ் குடியரசில் அதிகாரியாக இருந்த அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி. அவர் விட்டுச்சென்றது ஆள்பவரின் தந்திரமல்ல, அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் 'கட்டுக்கோப்பே' என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் நரியையும் சிங்கத்தையும் மேடையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆள்பவன் நரிபோலத் தந்திரமும் சிங்கம்போல வலிமையும் காட்டவேண்டும் என்று மாக்கியவெல்லி சொல்லும் 'இளவரசன்' நூலின் 18ஆம் அத்தியாயம், இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பொய் சொல்ல எந்த ராஜாவுக்கு ஐயா புத்தகம் தேவைப்பட்டது? மாக்கியவெல்லியை மறுத்து ஒரு நூலே எழுதினார் பிரஷ்யாவின் மன்னர் பிரெடெரிக். 1740இல் அது அச்சாகிறது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் படை ஆஸ்திரியாவின் வசமிருந்த சைலீசியாவுக்குள் நுழைகிறது!

புதுச்சரக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? ரோம் வரலாற்றை வைத்து அவர் எழுதிய 'உரைகள்' நூலில், முதல் பாகம், 34ஆம் அத்தியாயத்தில். குடியரசின் நடைமுறை மெதுவானது. ஒருவர் சொல்லி இன்னொருவர் ஒப்புவதற்குள் எதிரி வாசலுக்கு வந்துவிடுவான். அதற்காகவே ரோமில் கான்சல், அதாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர், ஒரு சர்வாதிகாரியை நியமிப்பார். அவர் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம். அவர் தண்டித்தால் மேல்முறையீடு கிடையாது. ஆனால் அதிகபட்சம் 6 மாதம். எந்த ஆபத்துக்காக வந்தாரோ அதற்கு மட்டும். செனட் இருக்கும், கான்சல்கள் இருப்பார்கள், மக்களின் பிரதிநிதிகளான ட்ரிப்யூன்களும் இருப்பார்கள். அவர்கள் அதிகாரத்தில் அவர் கைவைக்க முடியாது.

இந்த ஏற்பாடு இல்லாத நாடு, சட்டத்தை மீறித்தான் பிழைக்க வேண்டும். நல்லதுக்கு ஒருமுறை மீறினால், கெட்டதுக்கு மீற வழி திறந்தாயிற்று என்கிறார்.

அடுத்த அத்தியாயம்தான் ருசியானது. சட்டம் எழுத ரோம் 10 பேரை அமர்த்தியது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே கொடுங்கோலர் ஆனார்கள். ஏன்? கான்சல் பதவியை நிறுத்தினார்கள், ட்ரிப்யூன் பதவியை நிறுத்தினார்கள், மக்களிடம் முறையிடும் உரிமையையும் எடுத்துவிட்டார்கள். பிரேக்கைக் கழற்றிவிட்டு டிரைவரை மட்டும் திட்டி என்ன பயன்?

"மாக்கியவெல்லி கட்டிய அமைப்பே நிற்கவில்லையே, பிளாரன்ஸுக்காக அவர் குடிமக்களைக் கொண்டு திரட்டிய குடிப்படை 1512இல் பக்கத்து ஊரான பிராட்டோவில் ஸ்பானியர் முன் சிதறியதே" என்பார்கள். சிதறியது, உண்மை. 1509இல் பிளாரன்ஸை எதிர்த்து நின்ற பீசா நகரைப் பணியவைத்த முற்றுகையில் நின்றதும் அதே குடிப்படைதான்.

அமெரிக்க அரசியலமைப்புகளுக்காக 1787இல் வாதாடி எழுதிய ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர், மாக்கியவெல்லியின் பிளாரன்ஸ் வரலாற்றைத்தான் நீளமாக எடுத்தாள்கிறார்: அதிகாரத்தைப் பிரித்துவைக்காத குடியரசு கட்சிச் சண்டையில் எப்படிச் சீரழிந்தது என்று காட்ட. நரிக்குப் பதில் சொல்லிவிட்டேன். நண்பர் ஆடம்ஸுக்குப் பதில் சொல்லட்டும். நன்றி.