வாட்டர்லூவில் நிலைத்தவர் தோற்றவரே!

நடுவர் அவர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். 'வாட்டர்லூ என்றதும் நினைவில் நிற்பவர் வென்ற வெலிங்டனா, தோற்ற நெப்போலியனா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய பெல்ஜியத்தில், பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனை பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் கூட்டணி தோற்கடித்த போர்தான் வாட்டர்லூ. நாங்கள் நெப்போலியன் கட்சி. தோற்றவருக்காகப் பேச வந்துவிட்டார்களே பாவம் என்று யாரும் எங்கள் மேல் இரக்கப்பட வேண்டாம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மைக்கை விட மனமில்லாமல் விட்டுப் போனார். 1815 ஜூன் 18-இல் ஜெயித்தது யார் என்று கேட்டார். லண்டனில் வாட்டர்லூ என்று ரயில் நிலையமே இருக்கிறது என்றார். அதுவும் போதாதென்று, நம் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் என்று ஓர் ஊரே இருக்கிறதே என்று நீலகிரிக்கு வந்துவிட்டார்.

சரி, நீலகிரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஊர் இருப்பது உண்மைதான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் போரிட்ட அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு. அண்ணே, மலை ரயில் வெலிங்டனில் நிற்கும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன ஞாபகம் வருகிறது? குன்னூர் தாண்டிவிட்டோம், அடுத்தது அரவங்காடு. வாட்டர்லூவா ஞாபகம் வருகிறது? இங்கிலாந்தில் இவர் நிலைமை இன்னும் மோசம். சேற்றில் போட்டுக்கொள்ளும் முழங்கால் ரப்பர் பூட்ஸுக்கு இவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜெயித்த தளபதி காலில் கிடக்கிறார்!

அடுத்தது மொழி. ஆங்கிலத்தில், அதாவது வென்றவர்களின் தாய்மொழியில், 'அவர் தன் வாட்டர்லூவைச் சந்தித்தார்' என்று ஒரு வழக்கு உண்டு. ஜெயித்தார் என்றா அதற்கு அர்த்தம்? இல்லை. மண்ணைக் கவ்வினார், இனி எழுந்திருக்க மாட்டார் என்று அர்த்தம். வென்ற நாட்டுக்காரர்களே அந்த ஊர்ப் பெயரைத் தோல்விக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தோல்வி யாருடையது?

வெற்றியையாவது வெலிங்டன் தனியாக வைத்துக்கொண்டாரா? அவரிடம் அன்று இருந்த படை சுமார் 68,000 பேர். அதில் பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மற்றவர்கள் நெதர்லாந்துக்காரர்கள், ஹனோவர், பிரன்ஸ்விக், நசாவ் என்று பல நாட்டுச் சிப்பாய்கள். மாலையில் கிழக்கிலிருந்து, கூட்டாளி நாடான பிரஷ்யாவின் (அன்றைய ஜெர்மன் அரசு) தளபதி ப்ளூக்கர் படையோடு வந்து இறங்கினார். ப்ளூக்கருக்கு 72 வயது. இரண்டு நாள் முன்புதான் லீன்யி என்ற ஊரில் நெப்போலியனிடம் அடி வாங்கி, செத்து விழுந்த தன் குதிரைக்கு அடியில் சிக்கிக் கிடந்தவர். அந்தக் கிழவர் சேற்றுப் பாதையில் படையை விரட்டிக்கொண்டு வந்து சேரவில்லை என்றால், எதிரணி அண்ணன் இன்று எங்கள் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

போர் முடிந்ததும் பெயரில் சண்டை. நெப்போலியன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் 'லா பெல் அலியான்ஸ்' என்று ஒரு விடுதி. 'அழகான கூட்டணி' என்று அர்த்தம். இரண்டு தளபதிகளும் சந்தித்ததும் அந்தப் பக்கம்தான், அதனால் போருக்கும் அதே பெயர் இருக்கட்டும் என்றார் ப்ளூக்கர். வெலிங்டனோ, களத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, தான் ராத்தங்கிய ஊரின் பெயரை வைத்தார். அதுதான் வாட்டர்லூ. ப்ளூக்கர் கட்சி விடவில்லை. பெர்லினில் ஒரு சதுக்கத்துக்குப் பெல் அலியான்ஸ் என்றே பெயர் வைத்து, 1947 வரை அப்படியே அழைத்தார்கள். கூட்டணி என்றாலே பங்கு பிரிப்பதில் தகராறு வரும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெதர்லாந்து மன்னர் சும்மா இருப்பாரா? அவர் மகனுக்குத் தோளில் குண்டடி பட்ட இடத்தில், போர்க்களத்து மண்ணையே வெட்டியெடுத்துச் சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று எழுப்பி, 1826-இல் உச்சியில் சிங்கத்தை உட்கார வைத்தார். 226 படி ஏறினால் சிங்கத்தைப் பார்க்கலாம். வெலிங்டன் தன் வீரர்களைப் பின்னால் மறைத்து வைத்த மேடு இருக்கிறதே, அதில் ஒரு பகுதி இந்தக் குன்றுக்குள் போய்விட்டது.

சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி கதை இன்னும் வேடிக்கை. உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கேட்டு, எழுபதாயிரத்துக்கும் மேல் குட்டி ஈயப் பொம்மைகளை வைத்து, மாலை ஏழு மணிக்குக் களம் எப்படி இருந்தது என்று ஒரு மாதிரி செய்தார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. பிரஷ்யப் பொம்மைகள் இவ்வளவு முன்னால் நிற்கின்றனவே என்று வெலிங்டன் தரப்புக்கு வருத்தம். கடைசியில் சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்தார். வெற்றிக்கு இத்தனை பங்காளிகள், இத்தனை வழக்கு. தோல்விக்கோ ஒரே பட்டாதாரர். அவர் பெயரில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை.

நடுவர் அவர்களே, தலைப்பின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அன்று ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் ஐம்பதாயிரம் பேர். வெலிங்டனின் குதிரைப்படைத் தளபதி அக்ஸ்பிரிட்ஜ் பிரபுவுக்குக் குண்டு பட்டு வெட்டியெடுத்த காலுக்கு, காலுக்கு மட்டும், வாட்டர்லூவில் ஒரு தோட்டத்தில் கல் வைத்துப் புதைத்தார்கள். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிப்பாய்களை மொத்தமாகக் குழியில் தள்ளினார்கள். அவர்களுக்கும் இந்த மேடையில் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். போடவில்லை, நான் என் கட்சிக்குத் திரும்புகிறேன்.

ரயில் நிலையத்தைச் சொன்னார் அண்ணன். 1994-லிருந்து 2007 வரை பாரிஸிலிருந்து வந்த ரயில் அங்கேதான் நின்றது. இறங்கிய பிரெஞ்சுக்காரருக்குப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் யார் ஞாபகம் வந்திருக்கும்? 2015-இல், இருநூறாவது ஆண்டுக்காகப் பெல்ஜியம் இரண்டு யூரோ நாணயம் வெளியிடப் பார்த்தது. பிரான்ஸ் எதிர்த்தது, அச்சடித்ததைக் கைவிட வேண்டியதாயிற்று. பெல்ஜியம் என்ன செய்தது தெரியுமா? வழக்கமாகப் புழக்கத்தில் இல்லாத மதிப்பில், இரண்டரை யூரோவுக்கு ஒரு நாணயம் அடித்தது. அது தன் நாட்டுக்குள் மட்டும் செல்லும் என்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை! இருநூறு வருடம் கழித்தும் ஆறாமல் இருந்தது தோற்றவர் பக்கத்துக் காயம்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு நிமிடம்.

லண்டனில் வெலிங்டனின் வீடு ஆப்ஸ்லி மாளிகை. அவர் அரசியலுக்கு வந்து தேர்தல் சீர்திருத்தத்தை எதிர்த்தபோது, 1831-இல் அவர் ஊர்க்காரர்களே கல்லெறிந்து ஜன்னல்களை உடைத்த வீடு. அதன் மாடிப்படிக்கு அடியில் பதினோரு அடிக்கு மேல் உயரமான பளிங்குச் சிலை ஒன்று இன்றும் நிற்கிறது. யார் சிலை? வெலிங்டனா? நெப்போலியன்! இத்தாலியச் சிற்பி கனோவா செதுக்கிய சிலை, உடம்பில் துணி கிடையாது. நெப்போலியனுக்கே பிடிக்காமல் மறைத்து வைத்திருந்ததை, போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு விலைக்கு வாங்கி வெலிங்டனுக்குப் பரிசாகக் கொடுத்தது.

ஒவ்வொரு ஜூன் 18-ஆம் தேதியும் பழைய அதிகாரிகளுக்கு வெலிங்டன் விருந்து வைப்பார். 1830 முதல் அந்த வீட்டு மாடிக் கூடத்தில்தான் விருந்து. மார்பு நிறையப் பதக்கத்தோடு வந்தவர்கள் எல்லாரும் படியேறும் இடத்தில், அண்ணாந்து பார்க்கும்படி நெப்போலியன் நிற்பார், உள்ளங்கையில் ஒரு சின்ன வெற்றி தேவதையை ஏந்திக்கொண்டு. நன்றி, வணக்கம்.